வேளைக்காரன் வருவான்

ராஸ் அல் கைமா
13.2.2004

குதைபியாக் கோட்டையின் மேல்மாடத்தில் வீற்றிருக்கும் இளவரசி பானுப்பிரியா தேவியாரின் திருமுன்பு, மலைநாட்டுப் பாசறையிலிருந்து உன் புருஷன் கார்மேகம் மண்டியிட்டு எழுதும் ஓலை.

சிரிக்காதே. மேல்மாடமும் இல்லை மண்ணும் இல்லை, சமையலறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டையோடு படுத்திருக்கிறேன் என்று நீ எழுதியதை மறக்கவில்லை. என் பாசறையும் லேபர் கேம்ப்தான். ரூமுக்குள் பத்துப் பேர், ஒரு ஜன்னல், அதுவும் திறக்காது. எழுதும்போதாவது கொஞ்ச நேரம் நன்றாக இருந்துவிட்டுப் போவோமே.

மலை என்றதும் குற்றாலத்தை நினைத்துக்கொள்ளாதே. இங்கே மலையில் மருந்துக்கும் ஒரு புல் கிடையாது. காலையில் பாறையில் துளை போட்டு வெடி வைப்போம். சங்கு ஊதியதும் எல்லோரும் ஓடி லாரிகளுக்குப் பின்னால் பதுங்க வேண்டும். மலை இடிந்து விழும். அதற்கப்புறம் பொழுது சாயும்வரை க்ரஷர் அதை அரைத்துக்கொண்டே இருக்கும். சோற்றில் தூள், தலையணையில் தூள். நேற்று உன் போட்டோவைத் துடைத்தேன், அதிலும் தூள்.

ஊரில் கரிமூட்டத்துக்குக் காவல் இருந்தபோது நூலகத்துச் சரித்திரக் கதைகளை நான் வாசிக்க, நீ கேட்டாயே. இப்போது நானே ஒன்று எழுதத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் கொஞ்சம் வரும். பாண்டிய இளவரசி பொற்கோதையைப் பகைவர்கள் கடத்திப் போய்க் கடலுக்கு அக்கரையில் ஒரு கோட்டையில் அடைத்துவிட்டார்கள். அவளை மீட்கக் கறுப்புக் குதிரையில் புறப்படுகிறான் வேளைக்காரன் காரி. கடற்கரையில் நின்று அலைகளைப் பார்த்துச் சொல்கிறான்: “இக்கரை அக்கரை என்பதெல்லாம் வீண்பேச்சு. எல்லாம் ஒரே கடல்தானே!”

எப்படி இருக்கிறது? பதில் எழுது.

உன்
கார்மேகம்


குதைபியா, மனாமா, பஹ்ரைன்
2.3.2004

அன்புள்ள மச்சானுக்கு பானு எழுதுவது.

இனிமேல் மச்சான்தான், மாமா இல்லை. இந்த வீட்டுக்காரியை நான் “மாமா” என்றுதான் கூப்பிட வேண்டும். ஐயாவுக்கு “பாபா”. மாமா என்று எழுதப்போனால் அந்தப் பொம்பளைதான் கண்முன்னால் வந்து நின்று “யல்லா, யல்லா” என்று விரட்டுகிறாள்.

கதை படித்தேன். குதிரை எதைத் தின்கிறது? கடல் வந்ததும் குதிரையை எங்கே கட்டிப்போட்டான் வேலைக்காரன் காரி? அதையும் யோசித்து எழுதுங்கள்.

எல்லாம் ஒரே கடல்தானே என்று நீங்கள் ஊருக்கு எழுதிய கடிதத்திலும் எழுதினீர்கள். நினைவிருக்கிறதா? அதை நம்பித்தான் நான் வந்தேன். ஏஜென்ட்டும் அதையேதான் சொன்னான். “பக்கத்து ஊரு மாதிரிதாம்மா. மாசம் ஒருக்கா பாத்துக்கிடலாம்.” “என்னைக் கேட்காமல் ஏன் வந்தாய்” என்று திட்டி எழுதினீர்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்பீர்கள். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, வந்துவிட்டேன். வந்து இத்தனை காலம் ஆகிறது, எதிர்க்கடையைத் தவிர வேறு இடம் பார்த்ததில்லை.

அந்தக் கடைக்காரர் கலீலுர் ரஹ்மான் பாய் இல்லையென்றால் இந்தக் கடிதமும் இல்லை. கீழக்கரைக்காரர், நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். ரொட்டி வாங்கப் போகும்போது கடிதத்தை ரொட்டிக் கவருக்குள் வைத்துத் தருவார். “கடுதாசி வரைக்கும்தான் தங்கச்சி. அதுக்கு மேல என்னைய இழுத்து விட்ராதீங்க. இதே தெருவுல நான் பொழைக்கணும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். போன வாரம் ரொட்டியைக் கையில் கொடுக்கும்போது “ஒங்க வீட்டுக்காரரு இப்பத்தான் வந்துட்டுப் போறாரு” என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. ரொட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிப் பார்த்தேன். அவர் சொன்னது பாபாவை. சிகரெட் வாங்க வந்திருக்கிறார். அன்றைக்கு முழுக்க எனக்கு அழுகை நிற்கவில்லை.

பானு


ராஸ் அல் கைமா
19.3.2004

கோபக்கார இளவரசிக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். தெருவுக்கு ஓடினாய் என்ற இடத்தில் ஒவ்வொரு தரமும் நின்றுவிட்டேன். அதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை, அதனால் உன் எழுத்துப் பிழைக்கு வருகிறேன்.

காரி வேலைக்காரன் இல்லையடி. வேளைக்காரன். குண்டு “ள”. வேளை என்றால் பொழுது. அரசனுக்கோ இளவரசிக்கோ ஆபத்து வருகிற வேளையில் உயிரைக் கொடுப்பேன் என்று சத்தியம் செய்தவன் வேளைக்காரன். அந்த வேளையில் காப்பாற்றத் தவறினால் தன் வாளாலேயே தன் தலையை அறுத்துக்கொள்வான். அவனைப் போய் பாத்திரம் கழுவ வைத்துவிட்டாயே! பத்தாவதில் உனக்குத் தமிழ் எடுத்தது யார்?

வாயால் சொல்லும்போது நம் ஊரில் எல்லாமே “வேலக்காரன்”தான். அதனால்தான் எழுத்தில் விழிப்பாக இருக்க வேண்டும்.

குதிரையைக் கடற்கரையில் ஒரு முத்துக்குளிப்பவனிடம் ஒப்படைத்துவிட்டான். அந்த முத்துக்குளிப்பவன்தான் தோணி தரப்போகிறான். குதிரைக்குக் கொள்ளு உண்டு, போதுமா?

சத்தியமாகச் சொல்கிறேன் பானு, இந்தக் கதை எழுதும் நேரத்தில்தான் நான் மனுஷனாக இருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் கல்.

உன்
வேளைக்காரன் கார்மேகம்


குதைபியா
9.7.2004

மச்சானுக்கு,

ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். வலது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது. நானாகச் சுட்டுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் காண்ட்ராக்ட் போன மாதத்தோடு முடிந்தது. ஊருக்கு அனுப்புங்கள் என்று மாமாவிடம் கேட்டேன். “மாஃபி, முடியாது” என்றாள். பாஸ்போர்ட்டையாவது கொடுங்கள் என்று பாபாவிடம் கேட்டேன். அவர் பேப்பரை மடக்கக்கூட இல்லை. அதற்கு மறுநாள்தான் இஸ்திரிப் பெட்டி.

மாமா, பாபா இரண்டு பேரையும் பொறுத்துக்கொள்வேன். பாபாவின் தம்பி ஒருவன் ரியாதிலிருந்து அடிக்கடி வருகிறான். அவன் இருக்கும் நாட்களில் ஸ்டோர் ரூமுக்குள் அரிசி மூட்டையை இழுத்துக் கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன். இதற்கு மேல் எழுத மாட்டேன். நீங்களும் கேட்கக் கூடாது.

ஓடிப்போகலாம் என்றால் எங்கே ஓடுவது? தெருமுனைக்கு அந்தப் பக்கம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. அடுத்த வீட்டில் இருந்த பெண் ஓடினாள். தங்கச் சங்கிலியைத் திருடினாள் என்று கேஸ் கொடுத்துப் பிடித்து வந்தார்கள்.

அடுத்த கடிதத்தில் கதை வேண்டாம். பொற்கோதைக்குக் கோட்டையில் தோழிகள், கிளி, பாட்டு எல்லாம் வைத்திருக்கிறீர்கள். படிக்கப் பொறாமையாக இருக்கிறது. எனக்காக என்ன செய்யப்போகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

பானு


ராஸ் அல் கைமா
30.7.2004

பானு,

படித்துவிட்டு க்ரஷர் பக்கம் போய் நின்று கத்தினேன். அங்கே கத்தினால் யாருக்கும் கேட்காது.

கேம்ப் பாஸிடம் லீவு கேட்டேன். பஹ்ரைன் போக வேண்டும், பெண்சாதிக்கு ஆபத்து என்றேன். “பஹ்ரைன் எதுக்கு? ஊருக்கே லீவு கிடையாது, காண்ட்ராக்ட் முடியட்டும்” என்றான். காலில் விழுந்தேன். விழுந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், கை எழுதிவிட்டது. காரி என்றால் வாளை உருவியிருப்பான்.

ஆனால் ஒன்று கேள். முத்துராமன் அண்ணன் என்று என்னோடு இங்கே ரூமில் இருந்தாரே, சிவகங்கைக்காரர், அவர் இப்போது மனாமாவில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். அவர் தங்கை சந்திரகலா அங்கேயே நர்ஸ். நான் வர முடியாவிட்டாலும் எனக்கு ஆள் இருக்கிறது. அவரைப் பிடித்துப் பேசுகிறேன்.

என் மேல் ஆணை, நம் கல்யாணத்தின் மேல் ஆணை. உன்னை அந்தக் கோட்டையிலிருந்து வெளியே கொண்டுவராவிட்டால் நான் வேளைக்காரன் இல்லை. வேளை தவறினால் வேளைக்காரன் என்ன செய்வானோ அதைச் செய்துகொள்வேன். இங்கே அதற்கு வாள்கூட வேண்டாம். சங்கு ஊதும்போது ஓடாமல் நின்றால் போதும்.

வேளைக்காரன் கார்மேகம்


குதைபியா
8.10.2004

மச்சானுக்கு,

செத்துப்போவேன் என்று எழுதியதற்கு முதலில் திட்டுகிறேன். எனக்குப் புருஷன் வேண்டும், நடுகல் வேண்டாம்.

இப்போது செய்தி. இவர்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள். பாபாவுக்கு ரியாதுக்கே வேலை மாற்றலாகிவிட்டது. நோன்புப் பெருநாள் கழித்து எல்லோரும் புறப்பாடு, என்னையும் சேர்த்து. அங்கே அவருடைய அம்மா வீடு. அந்தத் தம்பி இருக்கும் வீடு.

சவூதிக்குப் போகும் கடல் பாலத்தைத் தாண்டிவிட்டால் அவ்வளவுதான் மச்சான். இங்கேயாவது எதிரில் பாய் கடை இருக்கிறது, எங்கோ ஒரு எம்பசி இருக்கிறது. அங்கே போனபிறகு நான் எந்தத் தெருவில் இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒன்று கவனித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பகல் தொழுகைக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். நோன்பு வந்துவிட்டால் மாமா அந்த நேரம் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவாள். வெளிக்கதவு வெறுமனே சாத்தியிருக்கும். யாராவது வண்டியோடு வந்து நின்றால் ஒரு நிமிஷத்தில் ஏறிவிடுவேன். தனியாகப் போகத்தான் எனக்கு தைரியம் இல்லை.

முத்துராமன் அண்ணனிடம் பேசுகிறேன் என்று எழுதி எத்தனை நாள் ஆகிறது? கதை மட்டும் தவறாமல் வருகிறது. உங்கள் காரி இன்னும் அந்தக் கடற்கரையிலேயே நின்று வசனம் பேசுகிறான். அவனைத் தோணியில் ஏறச் சொல்லுங்கள்.

பானு


ராஸ் அல் கைமா
6.11.2004

என் இளவரசிக்கு,

ஏறிவிட்டான்! காரி தோணியில் ஏறிவிட்டான்!

முத்துராமன் அண்ணன் ஒப்புக்கொண்டார். அவர் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை அவருக்கு ஊருக்கு பிளைட். “போற போக்குல ஒரு புண்ணியம் பண்ணிட்டுப் போறேன் தம்பி. இனிமே என்னைய யாரு கேக்கப் போறா?” என்றார். அதனால் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் நமக்கு. தொழுகை நேரத்தில் வெள்ளை வேன் பாய் கடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அண்ணன் இறங்க மாட்டார், வீட்டுப் பக்கம் வர மாட்டார். ஹார்ன் மட்டும் அடிப்பார். நீ மாற்றுச் சேலைகூட எடுக்காமல் வெளியே வந்து ஏறிவிடு. அன்று சந்திரகலா ரூமில் தங்கல், எம்பசி திறந்ததும் அவளே அழைத்துப் போவாள்.

இந்தக் கடிதம் வெள்ளிக்குள் வந்து சேராது என்று போஸ்ட் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பெருநாள் நெருக்கடியாம். அதனால் நேற்றே பாய் கடைக்கு போன் போட்டேன். விஷயத்தை உடைத்துச் சொன்னால் மனுஷர் பயந்து போனை வைத்துவிடுவார். ஆகவே எப்படிச் சொன்னேன் தெரியுமா? “நான் பானுவோட வீட்டுக்காரன் பேசுறேன் பாய். அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க. வெள்ளிக்கிழமை லுஹர் நேரத்துக்கு வேளைக்காரன் வருவான், ரெடியா இருக்கச் சொல்லுங்க.” கடையில் ஒரே கூட்டம் போல, இரைச்சல். “ஆங், ஆங், எழுதிக் குடுத்துர்றேன்” என்றார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. உனக்குப் புரியும். எட்டு மாதமாக வேறு எதைத்தான் எழுதினேன் உனக்கு?

நீ வெளியே வந்தபிறகு இது கைக்கு வரும். அப்போது சேர்ந்து சிரிக்கலாம். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே பாட்டுப் பாடிக்கொண்டு கல் சுமக்கிறேன். ஃபோர்மேன் என்னைப் பார்த்து “பாகல் ஹோ கயா க்யா?” என்கிறான். ஆமாம், பைத்தியம்தான்.

வேளைக்காரன் கார்மேகம்


குதைபியா
12.11.2004

அன்புள்ள மச்சானுக்கு,

இடுப்பு ஒடிந்துவிட்டது. இன்றைக்கு நோன்பின் கடைசி வெள்ளி, கொஞ்சம் உட்காரலாம் என்று பார்த்தேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

சாமான் கட்டும் வேலை ஒரு வாரமாக நடக்கிறது. பெட்டி தூக்க ஒரு ஆளை அனுப்பும்படி பாபா கலீல் பாயிடம் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ரொட்டிக் கவருக்குள் சீட்டு ஒன்று இருந்தது. உங்கள் கடிதமோ என்று ஆசையாகப் பிரித்தேன். பாய் கையெழுத்து. “வீட்டுக்காரர் போன் செய்தார். வெள்ளி லுஹருக்கு வேலைக்காரன் வருவான். ரெடியாக இருக்கவும்.” மாமா கூடவே நின்றதால் பாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆள் வருகிறான் என்று காலையிலிருந்து குனிந்து நிமிராமல் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றி, பெட்டிகளை எல்லாம் கட்டி நடையில் அடுக்கி வைத்தேன்.

எந்த வேலைக்காரனும் வரவில்லை. தெருவில் எவனோ வண்டியை நிறுத்திக்கொண்டு ஹார்ன் மேல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். தலைவலியே வந்துவிட்டது. அதுதான் பெட்டி தூக்க வந்த ஆளோ என்று ஒரு தரம் கதவு வரைக்கும் போனேன். வந்தவன் உள்ளே வரட்டும், நாம் ஏன் வெளியே போய் ஏச்சு வாங்க வேண்டும் என்று திரும்பிவிட்டேன்.

முத்துராமன் அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லையே. அடுத்த வெள்ளிக்குள்ளாவது ஏதாவது செய்யுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பானு


ராஸ் அல் கைமா
15.11.2004

பானுப்பிரியாவுக்கு,

முத்துராமன் அண்ணன் ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்தார். “தொழுகை முடிஞ்சு ஆளுக தெருவுக்குத் திரும்புற வரைக்கும் நின்னேன் தம்பி. கதவுக்கிட்ட அந்தப் பிள்ளை வந்துச்சு. நிழலு தெரிஞ்சுது. அப்புறம் திரும்பி உள்ள போயிருச்சு” என்றார்.

பாயிடமும் கேட்டேன். திங்கட்கிழமையே சீட்டு கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஆக, உனக்குத் தெரியும். தெரிந்து, கதவு வரைக்கும் வந்து, திரும்பிப் போயிருக்கிறாய்.

உனக்காக ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போகவும் துணிந்து வந்து நின்றான். நான் இங்கே சாப்பிடாமல் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காரி காரி என்று கேலி செய்தாயே, காரி வந்தான். பொற்கோதைக்குத்தான் வர மனசில்லை. அந்த வீட்டு ஏசியும் ரொட்டியும் பழகிவிட்டதா? அல்லது வேறு ஏதாவதா? கேட்கக் கூடாது என்றாயே, கேட்கவில்லை. ரியாதுக்குப் போ. நன்றாக இரு.

இனி நான் உனக்கு எழுத மாட்டேன். போனும் செய்ய மாட்டேன். கதை முடிந்தது. கலாஸ்.

கார்மேகம்


குதைபியா
26.11.2004

மச்சான்,

உங்கள் ஆறாம் தேதிக் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. பாய் தண்ணீர் கேன் போடுகிற சாக்கில் சமையலறைக்குள் வந்து கொடுத்தார்.

படித்தேன். அந்தச் சீட்டு அரிசி மூட்டைக்குள்தான் கிடந்தது. எடுத்து உங்கள் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் “ள” குண்டாக இருக்கிறது. பாயின் “ல” ஒல்லியாக இருக்கிறது. வீட்டுக்காரர் என்றால் நீங்கள். எனக்கு ஏன் மச்சான் அது தோன்றாமல் போயிற்று? இரண்டரை வருஷமாக அந்த வார்த்தைக்கு இந்த வீட்டில் பாபா என்றுதான் அர்த்தம். எனக்கு நீங்கள் அத்தனை தரம் திருத்திச் சொல்லிக் கொடுத்தீர்கள். பாய்க்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை.

நான் ஹார்ன் சத்தத்தைக் கேட்டேன். கதவில் கை வைத்தேன். என்னைக் கூப்பிட்ட சத்தத்தை நான் தலைவலி என்று உங்களுக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இரண்டு நாளாக உலையில் அரிசி போடும்போதும் அந்த ஹார்ன்தான் கேட்கிறது.

பாயிடம் சொல்லிவிட்டேன். “இவ்வளவு பெரிய விஷயம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சொல்லியிருந்தால் செய்திருப்பாரா என்று கேட்டேன். கேனை இறக்கிவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். ஆனால் அந்தத் தம்பி சாமான் ஏற்ற வந்துவிட்டான். வெளிக்கதவுச் சாவி அவன் சட்டைப் பையில் இருக்கிறது. நாளைக் காலை புறப்பாடு. பாயின் தம்பி ரியாதில், பத்தா என்கிற கடைத்தெருவில் போன் கடை வைத்திருக்கிறாராம். அங்கே எழுதினால், என்றைக்காவது என் இருப்பிடம் தெரிந்தால் சேர்ப்பிப்பதாகச் சொன்னார். தெரியாது என்று அவருக்கும் தெரியும்.

இப்போது நான் சொல்வதை நன்றாகக் கேளுங்கள். நீங்கள் செய்த சத்தியத்தை நான் மறக்கவில்லை. வேளை தவறிவிட்டது, அதனால் சங்கு ஊதும்போது நிற்பேன் என்று ஏதாவது செய்துவைக்காதீர்கள். அந்தச் சத்தியம் வேளைக்காரனுக்குத்தான். எனக்கு வந்த சீட்டில் வேளைக்காரன் என்று யாருமில்லை. வேலைக்காரன் என்றுதான் எழுதியிருக்கிறது. எனக்கும் அது போதும். வேலைக்காரன் சங்கு ஊதினால் ஓடுவான். லாரிக்குப் பின்னால் மற்றவர்களோடு குனிந்து உட்காருவான். காண்ட்ராக்ட் முடிந்தால் ஊருக்குப் போவான். நான் எங்கே இருந்தாலும் ஒரு ஆள் எனக்காக உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் யாருக்காகக் கதவுக்கு மூட்டையை அண்டை கொடுப்பது?

கதையை முடிக்க வேண்டாம். எனக்கு அனுப்பவும் வேண்டாம். எழுதிக்கொண்டே இருங்கள்.

என் மேல் உங்களுக்குக் கோபம் இருக்காது என்று தெரியும். அந்த ஒரு தைரியத்தில்தான் போகிறேன்.

பானு


ராஸ் அல் கைமா
7.12.2004

பானுவுக்கு,
பத்தா போன் கடை வழியாக.

பெருநாள் லீவிலிருந்து தேங்கிக் கிடந்த தபால் பையை ஆபீசில் நேற்றுதான் பிரித்தார்கள். உன் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கைக்கு வந்தன. முதலில் எது, பிறகு எது என்று தேதி பார்த்துப் படித்தேன். பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தில் ஹார்ன் என்ற இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

உடனே கலீல் பாய்க்கு போன் போட்டேன். “பதினஞ்சாம் தேதி நான் போட்ட கடுதாசி வந்தா கிழிச்சுப் போட்ருங்க பாய், கால்ல விழுறேன்” என்றேன்.

“அது வந்து குடுத்தாச்சே தம்பி” என்றார். “அவங்க வண்டியில ஏறுற நேரத்துக்குத்தான் தபால்காரன் வந்தான். பயந்துக்கிட்டே ஓடிப்போயி ஜன்னல் வழியாக் கையில வெச்சேன். ஒரு தடவையாச்சும் பயப்படாம ஒரு காரியம் செய்வோம்னுதான் செஞ்சேன். அந்தப் பிள்ளை முகத்தைப் பாக்கணுமே, அம்புட்டு சந்தோஷம். நெஞ்சோட சேத்து வெச்சுக்கிட்டுப் போச்சு.”

போனை வைத்துவிட்டேன்.

பானு, அதை நான்தான் எழுதினேன். வேறு யாரும் எழுதவில்லை. பதினைந்தாம் தேதிக்குப் பிறகு கோபத்தில் பாய்க்கு நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை. செய்து, சீட்டில் என்ன எழுதினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை நமக்கு இருந்தது. சந்திரகலா இருந்தாள், ஒரு டாக்சி போதும். உன்னை அந்த வீட்டில் விட்டது ஒரு எழுத்து இல்லை. நான்தான்.

இன்று காலை சங்கு ஊதியபோது என் கால் நகரவில்லை. நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை. உன் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. ஃபோர்மேன் வந்து காலரைப் பிடித்து இழுத்தான். “மர்னா ஹை க்யா? ஜல்தி பாக்!” என்றான். சாக வேண்டுமா, சீக்கிரம் ஓடு என்கிறான். அவன் இழுத்த பிறகுதான் உன் பேச்சு நினைவுக்கு வந்தது. ஓடினேன். லாரிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தேன். மலை இடிந்து விழுந்தது. பக்கத்தில் இருந்தவன் என் முதுகைத் தட்டி, “அழாதய்யா, தூளு கண்ணுல விழுந்துருச்சா?” என்றான்.

நீ சொன்னபடி செய்கிறேன். நாளைக்கும் ஓடுவேன். அதற்கு மறுநாளும் ஓடுவேன். கதையில் காரி கடலைக் கடக்கவில்லை. தோணி திரும்பி வந்துவிட்டது. குதிரை முத்துக்குளிப்பவனிடமே இருக்கட்டும். காரி அந்தக் கரையிலேயே ஒரு கல்லுடைக்கும் இடத்தில் கூலிக்குச் சேர்ந்துவிட்டான். அக்கரைக் கோட்டை எங்கே இருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்கிறான். இன்று இவ்வளவுதான் எழுதினேன்.

அந்தக் கடிதத்தை நீ இன்னும் பிரிக்காமல் வைத்திருந்தால், பிரிக்காதே.

உன்
வேலைக்காரன் கார்மேகம்